பன்னாட்டுப் பாதுகாப்பு ஒத்துழைப்பு: கொள்கைக் கட்டுரை எழுதப் புறப்படும் மாணவருக்கு

‘பன்னாட்டுப் பாதுகாப்பு ஒத்துழைப்பு’ என்று ஒரு கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு வந்தால், நம் பிள்ளைகளில் பாதிப்பேர் முதலாம் உலகப் போரிலிருந்து தொடங்குவார்கள். அங்கிருந்து சர்வதேச சங்கம், இரண்டாம் உலகப் போர், ஐக்கிய நாடுகள் சபை, பனிப்போர் என்று வரிசையாக நடந்து இன்றைய நாளுக்கு வந்து சேரும்போது சொல்லெண்ணிக்கை தீர்ந்திருக்கும். அப்புறம் ‘ஆகவே உலக நாடுகள் ஒன்றுபட்டுச் செயற்பட வேண்டும்’ என்று ஒரு வரி. எழுத்தில் பிழை இருக்காது. பரிசும் இருக்காது.

ஏனென்றால் கொள்கைக் கட்டுரை நாம் பள்ளிக்கூடத்தில் பழகிய கட்டுரை அல்ல. தமிழ் மொழித் தினப் போட்டிக்கு எழுதும்போது நடுவர் மொழிவளம் பார்ப்பார், ஒழுங்கு பார்ப்பார், பொருத்தமான மேற்கோள் இருக்கிறதா என்று பார்ப்பார். கொள்கைக் கட்டுரையின் நடுவரோ, முடிவெடுக்க வேண்டிய ஓர் அதிகாரியின் கதிரையில் இருந்துகொண்டு வாசிக்கிறார். அவருக்கு உள்ளது ஒரே கேள்விதான்: ‘சரி தம்பி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்?’ அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குப் பயனில்லை.

உயர்தரத்தில் அரசறிவியல் படித்தவருக்குக் கீழே சொல்லப்போவதில் சில ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிந்ததை வேகமாகத் தாண்டிக்கொள்ளலாம்.

ஒரு நாடு தன் எல்லைக்குள் தனியாக நின்று சமாளிக்க முடியாத ஆபத்துகள் பல உண்டு. கடற்கொள்ளை, போதைப்பொருள் கடத்தல், எண்ணெய்க் கசிவு, ஆழிப்பேரலை, பயங்கரவாதம், இணைய மோசடி எதுவும் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வருவதில்லை. இவற்றை எதிர்கொள்ள நாடுகள் தங்கள் முடிவெடுக்கும் உரிமையைக் கைவிடாமல், தகவல், கப்பல், ஆள், பணம், சட்டம் ஆகியவற்றில் எதை யார் எப்போது தருவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு ஒத்துழைப்பு. ‘முன்கூட்டியே’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து வந்த பிறகு ஓடிவந்து உதவுவது நல்ல அயலவர் குணம். வருவதற்கு முன்னரே யார் எந்தத் தொலைபேசியை எடுப்பது என்று எழுதி வைப்பதுதான் ஒத்துழைப்பு.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்து வளவுக்காரர் தன் வேலியை இரண்டு முழம் உயர்த்துகிறார். கள்ளருக்குப் பயந்துதான். நமக்கோ ‘என்ன மறைக்கிறார்?’ என்று தோன்றுகிறது. நாம் மதில் கட்டுகிறோம். அவர் மதிலின் மேல் போத்தல் ஓடு பதிக்கிறார். இருவரில் எவருக்கும் சண்டை பிடிக்கும் எண்ணம் இருந்ததில்லை. ஆனாலும் இப்போது இருவரும் கதைப்பதில்லை. நாடுகளுக்கிடையில் இது நடந்தால் அரசறிவியலில் பாதுகாப்பு இக்கட்டு என்பார்கள். 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோது சீனா அதை ஆய்வுக் கப்பல் என்றது. செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரக்கூடிய கப்பலாக இந்தியா அதைப் பார்த்தது. நடுவில் நின்றது இலங்கை. கடைசியில் 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வர வேண்டாம் என்று கொழும்பு சொல்லிவிட்டது. சிறிய நாடு ஒன்று யாரையும் பெயர் சொல்லிப் பகைக்காமல் தப்பித்துக்கொண்ட விதம் அது. நல்ல கொள்கையா, வெறும் தள்ளிப்போடலா என்பதையே ஒரு கட்டுரைக் கேள்வியாக எடுக்கலாம்.

பாடப்புத்தகத்தில் இந்த ஒத்துழைப்பு மூன்று வடிவங்களில் வரும். முதலாவது கூட்டுப் பாதுகாப்பு: எந்த உறுப்பினர் எந்த உறுப்பினரைத் தாக்கினாலும் எல்லோரும் தாக்கியவருக்கு எதிராக நிற்பது. 1945இன் ஐ.நா. சாசனம் இதை நம்பித்தான் எழுதப்பட்டது. 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அது வேலை செய்தது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தைப் படையெடுத்த ரஷ்யாவே வீட்டோ செய்தபோது அது வேலை செய்யவில்லை. இரண்டாவது கூட்டுத் தற்காப்பு: வெளியாள் ஒருவரை மனத்தில் வைத்து ஒரு குழுவாகச் சேர்வது. 1949இல் உருவான நேட்டோ இந்த வகை. ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்னும் அதன் 5ஆவது உறுப்புரை இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, பயன்பட்டது. மூன்றாவது ஆரவாரமில்லாதது. எதிரி என்று எவரையும் குறிக்காமல், பொதுவான ஒரு தொல்லையைச் சேர்ந்து கையாள்வது. செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு இது வராது. ஆனால் நம் போன்ற நாட்டுக்கு அன்றாடம் தேவைப்படுவது இந்த மூன்றாவதுதான். மாணவர்கள் நேட்டோவில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

ஒத்துழைப்பு பலமாக இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை ஒப்பந்தம் கைச்சாத்தாகியது என்று எண்ணாதீர்கள். தகவல் எங்கே புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது, நடுவில் யார் மேசையில் படுத்துக் கிடந்தது என்று தேடுங்கள்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே அது தீப்பிடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முந்திய கதைதான் கட்டுரைக்கு உதவும். கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அந்தக் கொள்கலன்களில் ஒன்று ஒழுகத் தொடங்கியது வழியிலேயே தெரிந்துவிட்டது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்தில் அதை இறக்கித் தரக் கேட்டார்கள், முடியாது என்றார்கள். இந்தியாவின் ஹசீராவில் கேட்டார்கள். அங்கும் முடியாது என்றார்கள். ஒழுகும் பெட்டியோடு கப்பல் மே 19 இரவு கொழும்புக்கு வெளியே வந்து நின்றது. மறுநாள் தீ. இந்தியக் கடலோரக் காவற்படைக் கப்பல்கள் வந்து தீயணைக்க உதவின. அப்படியும் ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. கடற்றொழிலாளர் கடலுக்கு இறங்க முடியாமல் நின்றார்கள்.

இதில் ஒத்துழைப்பு இருந்ததா, இல்லையா? தீயணைப்பில் இருந்தது. அதற்கு முன், ஒரு துறைமுகம் மறுத்த ஆபத்தான சரக்கைப் பற்றிய தகவல் அடுத்த துறைமுகத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைப் பிடித்தால் உங்கள் கையில் ஒரு கொள்கைக் கட்டுரை இருக்கிறது.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல் இதற்கு நேர்மாறு. அங்கே நாட்டுக்கு நாடு தகவல் வந்தது. தாக்குதல் நடந்தது ஏப்ரல் 21. இந்தியப் புலனாய்வின் முதல் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே இலங்கையின் கையில் இருந்தது. அது தேவாலய வாசல் வரை போகவில்லை. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு ஒத்துழைப்பு சரியாக வேலை செய்து, உள்நாட்டு ஒத்துழைப்பு உடைந்த கதை இது. வெளிவிவகாரம் பற்றிய கட்டுரையில் உள்வீட்டு விவகாரம் எதற்கு என்று தயங்காதீர்கள்.

நல்லபடி முடிந்ததும் உண்டு. 2024 ஜனவரியில் இலங்கை மீன்பிடிப் படகு ஒன்றை, அதிலிருந்த ஆறு பேரோடு சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். தகவல் கொழும்பு, இந்தியா, பஹ்ரெய்னில் உள்ள கூட்டுக் கடற்படைத் தலைமையகம் என்று பரவி, சில நாள்களுக்குள் சீஷெல்ஸ் காவற்படை அந்தப் படகை மீட்டது. பெரிய அணிவகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று முன்பே தெரிந்திருந்தது.

நம் பிராந்தியத்தில் இதற்கென்று உள்ள அமைப்புகளில் ஒன்றையாவது ஆழமாகத் தெரிந்து வைப்பது நல்லது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கை எல்லோரும் எழுதுவார்கள். அதன் சாசனமே இருதரப்புச் சர்ச்சைகளை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது, எல்லா முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 2014 காத்மண்டுவுக்குப் பிறகு அதன் உச்சி மாநாடு நடக்கவும் இல்லை. அதைவிடக் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டைப் பாருங்கள். இந்தியா, இலங்கை, மாலைதீவு ஆகிய மூன்றும் 2011இல் கடற்பாதுகாப்புக்காகத் தொடங்கியது. பிறகு மொரிஷியசும் பங்களாதேஷும் சேர்ந்தன. 2024 ஓகஸ்ட் 30இல் கொழும்பில் அதற்கு ஒரு சாசனம் கைச்சாத்தானது; செயலகமும் கொழும்பில்தான். கடற்பாதுகாப்பு, பயங்கரவாத எதிர்ப்பு, கடத்தலும் நாடுகடந்த குற்றமும், இணையப் பாதுகாப்பு, பேரிடர் உதவி என ஐந்து துறைகளைத் தொடுகிறது. நம் நாட்டிலேயே செயலகம் வைத்திருக்கும் அமைப்பைப் பற்றி நம் மாணவர் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

யாழ்ப்பாணத்து மாணவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. மற்றவர்கள் அறிக்கைகளில் படிப்பதை நாம் பஸ்ஸில் போகும்போதே பார்த்திருக்கிறோம். ஏ9 வீதியில் முகமாலையைத் தாண்டும்போது சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. மிதிவெடி அகற்றலும் பன்னாட்டுப் பாதுகாப்பு ஒத்துழைப்புத்தான். 1997இன் கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 ஜூன் 1க்குள் நிலத்தைச் சுத்தப்படுத்தி முடிக்க வேண்டும் என்பது அதன்படி உள்ள கெடு. அதே சமவாயத்தின் 6ஆவது உறுப்புரை, உதவி கேட்கும் உரிமையை உறுப்பு நாடுகளுக்குத் தருகிறது. இயலுமானவர்கள் உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. ஜப்பான், நோர்வே, பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பணத்தில், நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் முழந்தாளில் இருந்து அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக வாரியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை உலகெங்கும் இடைநிறுத்தியபோது மிதிவெடி அகற்றலுக்கான உதவியும் அதில் அகப்பட்டது. அதே ஆண்டில் பின்லாந்து, போலந்து, மூன்று போல்டிக் நாடுகள் ஆகியன ரஷ்யாவுக்குப் பயந்து அந்தச் சமவாயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தன. கொடுப்பவர் கையை இழுத்துக்கொண்டால் கெடு வைத்தவருக்கு என்ன நடக்கும் என்பது நல்ல கேள்வி. முகமாலையிலிருந்து எழுதுபவரிடம் அதைக் கேட்க நடுவர் ஆவலாக இருப்பார்.

சரி, எல்லோரும் கேட்கும் தலைப்புக்கு வருவோம்: பாக்கு நீரிணை. இதில் எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில்தான் கட்டுரைகள் அதிகம் கவிழ்கின்றன. ‘தொப்புள்கொடி உறவு’ என்று தொடங்கி ‘இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும்’ என்று முடியும்.

முதலில் நிலைமையைச் சுருக்கமாகவும் சரியாகவும் வையுங்கள். கடல் எல்லை 1974, 1976 உடன்படிக்கைகளில் வரையப்பட்டது. தமிழகத்து றோலர்கள், அதாவது கடலடியை வாரும் இழுவைமடி வலை கட்டிய படகுகள், பெரும்பாலும் கிழமையில் மூன்று நாள் வருகின்றன. அந்த இரவுகளில் நம் கரையில் பலர் வலை படுக்கப் போவதே இல்லை. போனால் இழுவைமடி தங்கூசி வலையை வாரிக்கொண்டு போய்விடும். காலையில் மிஞ்சுவது மிதப்பும் கயிறும், சிலவேளை அதுவும் இல்லை. ஒரு வலைத்தொகுதி போனால் கடன்தான். மறுபக்கத்தில் கைதான இந்தியத் தொழிலாளர் பெரும்பாலும் படகு முதலாளிகள் அல்லர், கூலிக்கு வந்தவர்கள். 2016இல் இரு நாடுகளும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணத்தை உயர்த்தியது. றோலர்கள் நின்றனவா என்பதை மாதகல் துறையில் நிற்பவரிடம் கேட்டால் தெரியும்.

அப்புறம் உங்களுக்கு வசதியில்லாத உண்மையையும் எழுதுங்கள். குருநகரிலும் பேசாலையிலும் நம்மவர்களும் இழுவைமடித் தொழில் செய்திருக்கிறார்கள். 2017 சட்டம் அவர்களுக்கும்தான். இதை மறைத்து எழுதினால், விஷயம் தெரிந்த நடுவர் அடுத்த பக்கத்தைச் சந்தேகத்தோடுதான் திருப்புவார். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நீங்களே சொல்லிப் பதிலும் சொன்னால் கட்டுரைக்கு நடுவரிடம் மதிப்பு உயரும்.

பிறகு பரிந்துரை. ‘இந்தியா தன் மீனவரைக் கட்டுப்படுத்த வேண்டும்’ என்பது பரிந்துரை அல்ல, மனக்குறை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘தமிழகத்துக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறது. கூட்டுச் செயற்குழு அந்த 61 நாள்களுக்குள் கூடி, அறுக்கப்பட்ட வலைகளைப் பதிவதற்கு இரு நாடுகளுக்கும் பொதுவான ஒரு படிவத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் திணைக்களம் முறைப்பாட்டை இடம், நேரம், படகு இலக்கம் ஆகியவற்றோடு பதிய, தமிழ்நாட்டு மீன்வளத் துறை முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.’ இது முழுத் தீர்வு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் யார், எதை, எப்போது என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. தடைக்காலத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: றோலர்கள் கரையில் நிற்கும், கைதுகள் குறைந்திருக்கும், இரு பக்கத்து அதிகாரிகளும் தொலைக்காட்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசரத்தில் இருக்க மாட்டார்கள்.

செலவையும் சொல்லுங்கள். மாணவர் கட்டுரைகளில் அநேகமாக விடுபடுவது அதுதான். படிவத்தை யார் அச்சடிப்பார், யார் மொழிபெயர்ப்பார், பொய் முறைப்பாட்டை யார் சரிபார்ப்பார் என்று இரண்டு வரி எழுதினாலே போதும். இவர் நடைமுறை யோசித்தவர் என்று தெரிந்துவிடும். புதிதாக ஓர் ஆணைக்குழு, புதிதாக ஒரு சபை என்று பரிந்துரைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இருக்கிற அமைப்பில் எந்த ஆணியை இறுக்கலாம் என்று பார்ப்பதுதான் கெட்டித்தனம்.

எவருடைய பாதுகாப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் 1994 மனித அபிவிருத்தி அறிக்கை, பாதுகாப்பை அரசின் எல்லையிலிருந்து மனிதரின் வாழ்வுக்கு நகர்த்தியது. நமக்கு அதை விளக்க அறிக்கை தேவையில்லை. 1987 ஜூலை 29இல் கொழும்பில் இந்திய, இலங்கை அரசுகள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி அமைதி காக்க வந்த படைக்கும் புலிகளுக்கும் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டது. கடைசி இந்தியப் படையினர் வெளியேறியது 1990 மார்ச்சில். ஒப்பந்த மேசையில் இல்லாதவர்களின் முற்றத்தில்தான் அது நடந்தது. அதே ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் படைத்தேவைக்குக் கொடுக்கக் கூடாது என்ற உறுதியும் இருந்தது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கைச்சாத்திட்டபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று எதிர்க்கட்சிகள் கேட்டதற்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் நிற்கிறது. இதைக் கோபமாக எழுதத் தேவையில்லை. ‘இவ்வகை ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகி இத்தனை நாளுக்குள் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்று பரிந்துரையாக எழுதினால் கோபம் தானாகவே தெரியும்.

நடைமுறைக்குச் சில சொற்கள். 1,500 சொல் அனுமதி என்றால் வரலாற்றுக்கு 200 போதும்; பிரச்சினையைக் காட்ட 400, மிச்சமெல்லாம் பரிந்துரைக்கும் எதிர்வாதத்துக்கும். முதற்பந்தியிலேயே உங்கள் பரிந்துரையைச் சொல்லிவிடுங்கள். துப்பறியும் கதைபோலக் கடைசிவரை ஒளித்து வைக்காதீர்கள். ஒப்பந்தங்களின் மூலப் பிரதிகளை ஐ.நா. இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், பாராளுமன்ற விவாதங்களை அதன் பதிவேடான ஹன்சாட்டில் தேடலாம். செய்தித்தாள் துண்டைவிட மூலத்தின் ஒரு வரி கனமானது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்பதை அந்தந்தப் போட்டியின் விதியில் பாருங்கள். விதி அனுமதித்தாலும் அது தரும் ஆண்டுகளையும் உறுப்புரை இலக்கங்களையும் மூலத்தோடு ஒப்பிடாமல் அனுப்ப வேண்டாம். மாதகலில் எத்தனை வலை போனது என்பதை அதனிடம் கேட்பதைவிட, ஒரு ஞாயிறு பின்னேரம் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போய் அவர்களுடைய முறைப்பாட்டுக் கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அனேகமாகக் காட்டுவார்கள், தேத்தண்ணியும் தருவார்கள்.